நூப் என்றால் யார்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செஞ்சிக்குப் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை அங்கே வாரச் சந்தை. ஆடு விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களுமாக ஊர் நிறைந்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிர் பெஞ்சில் நான்கு பையன்கள், ஆளுக்கொரு செல்போனைக் குனிந்து பார்த்துக் கொண்டு ஏதோ பெரிய யுத்தம் நடத்திக் கொண்டிருந்தார்கள். திடீரென்று மூன்று பேர் நான்காவது பையனைப் பார்த்து, "டேய் நூப்பு! நூப்புடா நீ! உன்னாலதான் செத்தோம்" என்று கூச்சல் போட்டார்கள். அவனுக்குப் பதினாலு வயதுக்கு மேல் இராது. முகம் சுண்டிப்போய், செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

நம் பக்கத்தில் ஆடு விற்க வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் நம் பக்கம் சாய்ந்து, மெள்ளக் கேட்டார்: "ஏங்க, நூப்புன்னா இன்னாங்க? சாதிப் பேரா?"

நமக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு பேர் கூடி ஒருவனை ஒரு பேர் சொல்லி அழைக்க, அவன் தலை குனிந்து எழுந்து போனால், அந்தப் பேர் என்னவாக இருக்கும் என்று இந்நாட்டில் அறுபது வருஷம் வாழ்ந்த ஒருவர் யூகிப்பதில் தப்பென்ன? "இல்லைங்க, விளையாட்டில் வருகிற இங்கிலீஷ் வார்த்தை, ஆடத் தெரியாதவன் என்று அர்த்தம்" என்று சொல்லி வைத்தோம். ஆனால் பஸ் ஏறிய பிறகு யோசிக்க யோசிக்க, பெரியவர் கேட்ட கேள்விக்கு நாம் சொன்ன பதில் பாதி பதில்தான் என்று பட்டது. மீதிப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சொல்லின் பிறப்பு

இந்த 'நூப்' என்பது 'நியூபி' என்ற சொல்லிலிருந்து மருவியது. நியூ என்றால் புதிது. 1960, 70-களில் வியட்நாம் யுத்தத்துக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள், படையில் புதிதாக வந்து சேர்ந்தவனை நியூபி என்று அழைத்து வந்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் மூலம் கடிதம் எழுதிக்கொள்ளும் கூட்டங்கள் ஏற்பட்டபோது அங்கேயும் புதிதாக வந்தவனுக்கு அதுவே பேராயிற்று. விளையாட்டுக்காரர்கள் கைக்கு வந்ததும் அது சுருங்கி 'நூப்' ஆகி, நடுவில் உள்ள இரண்டு எழுத்துக்குப் பதிலாக இரண்டு பூஜ்யம் போட்டு எழுதுவதும் ஒரு வழக்கமாயிற்று. பூஜ்யம் போட்டது எழுத்து விளையாட்டுக்காக என்றாலும், சொல்லப்பட்டவனுக்கு அது பொருத்தமாகத்தான் தோன்றியிருக்கும்.

சொல் சுருங்கியபோது அர்த்தமும் மாறிப்போயிற்று என்பதை வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நியூபி என்றால் புதியவன். இன்று தெரியாது, நாளைக்குத் தெரிந்து கொள்வான். நூப் என்றாலோ தெரியாதவன், தெரிந்துகொள்ளவும் மாட்டாதவன், கூட வைத்துக்கொள்ள யோக்கியதை இல்லாதவன் என்று அர்த்தம். முதற்சொல் ஒருவன் எவ்வளவு காலமாக ஆடுகிறான் என்பதைச் சொல்லுகிறது. இரண்டாவது சொல் ஒருவன் எப்படிப்பட்ட ஆள் என்பதையே தீர்ப்புச் சொல்லுகிறது. காலத்தைச் சொன்ன வார்த்தை குணத்தைச் சொல்லும் வார்த்தையானதுதான் இதிலுள்ள விஷம்.

இதற்கு ஒரு பழைய சங்கதியும் உண்டு. அமெரிக்காவில் மேற்சொன்ன கம்ப்யூட்டர் கூட்டங்களில் ஆதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலைக்காரர்கள். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதத்தில் புது மாணவர்கள் வந்து சேருவார்கள்; தப்பும் தவறுமாக எழுதுவார்கள்; பழையவர்கள் முணுமுணுப்பார்கள்; ஒரு மாதத்தில் புதியவர்களும் பழகிவிடுவார்கள். 1993, 94-ல் 'அமெரிக்கா ஆன்லைன்' முதலிய கம்பெனிகள் பணம் கட்டின பொதுமக்கள் எல்லோருக்கும் வழியைத் திறந்துவிட்டன. ஜனங்கள் நாள்தோறும் வந்துகொண்டே இருந்தார்கள். பழையவர்கள் தலையில் அடித்துக்கொண்டு, 1993-ம் வருஷத்துச் செப்டம்பருக்கு 'முடியாத செப்டம்பர்' என்று பேர் வைத்தார்கள். அதாவது, தாங்கள் நீர் இறைத்த கிணற்றுக்கு ஊரார் எல்லோரும் குடம் எடுத்து வந்துவிட்டார்களே என்ற வருத்தம்! தாங்களும் ஒரு செப்டம்பரில் வந்தவர்கள்தான் என்பது அவர்களுக்கு மறந்து போயிற்று.

நமக்கும் ஒரு செப்டம்பர் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி ஆரம்பத்தில் காசில்லாமலும் பிறகு கொஞ்சக் காசுக்கும் இன்டர்நெட்டைக் கொடுக்க ஆரம்பித்தது. மற்றக் கம்பெனிகளும் விலையைக் குறைத்தன. அதற்கு முன் பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆடிய ஆட்டத்தை, செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்துக் கூலிக்காரர் பிள்ளையும் செல்போனில் ஆட முடிந்தது. இதை நாம் குறை சொல்லவில்லை. நல்லது என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் ஆட்டத்தோடு கூடவே, வந்தவனை இழிவுபடுத்தும் பேரும் வந்து சேர்ந்துவிட்டது.

யார் நூப் அல்லாதவன்?

இந்த வார்த்தை ஆட்டத்தில் எப்படிப் பிரயோகமாகிறது என்று பையன்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நன்றாக ஆடுகிறவன் 'புரோ'. ஆடத் தெரியாதவன் 'நூப்'. அவனிலும் கீழே 'பாட்' என்று ஒரு பேர் இருக்கிறது. ஆள் போதாதபோது ஆட்டத்தில் இயந்திரமே ஓட்டுகிற பொம்மை வீரனுக்கு அந்தப் பேர். ஒரு மனிதப் பிள்ளையைப் பார்த்து நீ பாட் என்றால், நீ மனிதனே அல்ல, பொம்மை என்று அர்த்தம். ஆக மேலே ஒருவன், கீழே ஒருவன், மனிதக் கணக்கிலேயே சேராதவன் ஒருவன் என்று மூன்று படி கட்டியாகிவிட்டது. படி கட்டுவதில் நம்மவர்களுக்கு உள்ள அனுபவத்தைக் கேட்க வேண்டுமா?

சரி, புரோ என்கிறவன் எங்கிருந்து வந்தான்? தாயின் வயிற்றிலிருந்து செல்போனைக் கையில் பிடித்துக் கொண்டா வந்தான்? முதல் நாள் அவனும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல், துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, எதிரிக்கு முன்னால் நின்று சுடப்பட்டவன்தானே? நூப்பாக இல்லாமல் புரோவான ஒருவனைக் காட்டினால், நடக்காமலே ஓடக் கற்ற குழந்தையை நாம் காட்டுகிறோம்.

செஞ்சிப் பிள்ளைகள் தலையைத் தூக்கினால் தெரிகிற கோட்டையையே எடுத்துக்கொள்ளுவோம். ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் வந்து அதை முற்றுகையிட்டார். பிடிக்க முடிந்தது 1698-ல். ஏழு வருஷத்துக்கு மேல் கோட்டைக்கு வெளியே கிடந்தார். நம் டீக்கடைப் பையன்கள் அன்றைக்கு இருந்திருந்தால் ஏழு வருஷமும் அவரை நூப்பு, நூப்பு என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அதே கோட்டையை 1750-ல் பிரஞ்சுக்காரர்கள் ஒரே இராத்திரியில் பிடித்தார்கள். அப்பொழுது அவர்கள் புரோ! ஆனால் 1761-ல் அதே பிரஞ்சுக்காரர்கள் அதே கோட்டையை இங்கிலீஷ்காரர்களிடம் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்லும் அதே கல், மலையும் அதே மலை. ஒரு நாள் வெற்றியையும் ஒரு நாள் தோல்வியையும் வைத்து ஒருவனுக்கு நிரந்தரமாகப் பேர் வைப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்பதற்கு இந்தக் கோட்டையைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

புதியவனை எப்படி நடத்துவது என்று நம்மவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. மோட்டார் ஓட்டக் கற்கிறவன் வண்டியில் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தால் 'எல்' என்று போட வேண்டும் என்பது சட்டம். கற்றவன் ஒருவன் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். எதற்காக? போகிறவன் வருகிறவன் சிரிப்பதற்காகவா? 'இவன் கற்கிறான், கொஞ்சம் விலகி வழிவிடு' என்று சொல்லுவதற்காக. நாமோ அந்தப் பலகையையும் எடுத்து, 'அவன் ஒரு எல் போர்டு' என்று ஏச்சாக மாற்றிக்கொண்டோம். பாதுகாப்புக்கு வைத்த அடையாளத்தைப் பரிகாசத்துக்குத் திருப்பிக்கொள்ளும் புத்தி இன்டர்நெட்டில் பிறந்ததல்ல. அது நம்மிடத்திலேயே இருக்கிறது.

கிராமத்தில் பிள்ளைகள் கண்ணாமூச்சியோ ஓடிப்பிடியோ ஆடும்போது, சின்னப் பிள்ளை ஒன்று நானும் வருவேன் என்று அழுதால், 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்ளுவார்கள். அதைப் பிடித்தாலும் கணக்கில்லை, அது பிடித்தாலும் கணக்கில்லை. கால் ஊனமானவரை ஏசும் அந்தப் பேர் நமக்குச் சம்மதமில்லை. அது ஒழிய வேண்டியதே. ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு புத்தி இருக்கிறது. ஆட வராத பிள்ளையை வெளியே தள்ளாமல் உள்ளே ஓடவிட்டார்கள்; ஓடி ஓடி அடுத்த வருஷம் அது கணக்கில் சேர்ந்தது. பேரை வைத்துக்கொண்டு வழக்கத்தை விட்டுவிட்டதுதான் இன்றைய ஆட்டம்.

உடுப்பைப் பார்த்து மதிப்பு

இதுவரை சொன்னதாவது ஆடத் தெரியாதவனைப் பற்றியது. இனிச் சொல்லுவது இன்னும் கேவலமானது.

'ஃப்ரீ ஃபயர்' என்று ஒரு ஆட்டம். சிங்கப்பூர் கம்பெனி ஒன்று 2017-ல் விட்டது. 2022 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் அதைத் தடை செய்த பிறகும் அதன் தம்பியான 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' ஆடப்பட்டு வந்தது. அதில் காசில்லாமல் சேருகிறவனுக்கு ஆடம் என்ற ஒரு சாதாரண உருவம் கொடுத்து வந்தார்கள். நல்ல உடுப்பு, தொப்பி, இறக்கை, மினுக்குத் துப்பாக்கி எல்லாம் வேண்டுமானால் 'டைமண்ட்' வாங்க வேண்டும். டைமண்டுக்கு நிஜமான ரூபாய் கட்ட வேண்டும். துப்பாக்கி மினுக்குகளில் சிலவற்றுக்குக் கொஞ்சம் பலம் கூடுவது உண்டு. உடுப்பினாலோ குண்டு ஒன்றும் தடுக்கப்படுவதில்லை. ஆனாலும் சாதாரண உடுப்போடு வருகிறவனைக் கண்டதும், அவன் ஒரு குண்டும் சுடுவதற்கு முன்னாலேயே, 'நூப் ஆடம்' என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

வாசகர்களே! ஆடிப் பார்த்து நூப் என்றாலாவது ஒரு அர்த்தம் உண்டு. சட்டையைப் பார்த்து நூப் என்றால் என்ன அர்த்தம்? காசில்லாதவன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா? இன்ன வகுப்பார் மேல்துண்டு போடக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று சொல்லி உடுப்பைக் கொண்டே மனிதனை அளந்த நாட்டில், பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்திலும் அதே அளவுகோலா?

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வியாதி அல்ல. 'ஃபோர்ட்நைட்' என்ற ஆட்டத்தில் காசு கொடுத்து உடுப்பு வாங்காதவனை 'டிஃபால்ட்' என்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏசுகிறார்கள். இங்கிலாந்தில் குழந்தைகள் நலனுக்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், அந்தப் பேருக்குப் பயந்தே பிள்ளைகள் பணம் செலவழிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் வாய்ச்சொல்லாகவே எடுத்துக் காட்டினார்.

இதில் லாபம் யாருக்கு? கேலி செய்கிற பையனுக்கு ஒரு காசும் இல்லை. கேலிக்கு ஆளான பையனுக்கு நஷ்டம். லாபமெல்லாம் உடுப்பு விற்கிறவனுக்கு. முதலில் ஒருவனுக்குத் தீட்டு இருக்கிறது என்று நம்ப வைப்பது, பிறகு தீட்டுக் கழிக்க இன்ன தட்சணை என்று கை நீட்டுவது என்பது மிகப் பழைய வியாபாரம். இங்கே 'நூப்' என்பது தீட்டு. 'டைமண்ட்' என்பது தட்சணை. வித்தியாசம் என்னவென்றால், இந்த வியாபாரத்தில் தீட்டைப் பிரசாரம் செய்யப் புரோகிதருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்து கொடுக்கிறார்கள்.

பெண் என்றால் பிறவி நூப்பா?

மூன்றாவது பிரயோகம் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடியும். பேசுகிற குரல் பெண் குரலாக இருந்துவிட்டால், அவள் எப்படி ஆடுகிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. 'பொண்ணா? அப்போ நூப்புதான். போய்ச் சமையலைப் பார்' என்று சொல்லுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆடிப் பார்த்துச் சொன்னது போய், உடுப்பைப் பார்த்துச் சொன்னது போய், இப்பொழுது பிறப்பைப் பார்த்துச் சொல்லுவதாகிவிட்டது. செஞ்சிப் பெரியவர் கேட்டாரே, சாதிப் பேரா என்று. இந்த இடத்தில் அது சாதிப் பேரேதான். பிறந்ததால் வருவதும் எதைச் செய்தாலும் போகாததுமான இழிவுக்கு வேறு என்ன பேர்?

இதைப் பற்றி 2015-ல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். 'ஹேலோ 3' என்ற ஆட்டத்தில் சேர்ந்து, சில ஆட்டங்களில் ஆண் குரலும் சில ஆட்டங்களில் பெண் குரலும் கேட்கும்படி செய்து, மற்ற ஆட்டக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பதிந்து வைத்தார்கள். கண்டது என்னவென்றால், பெண் குரலைக் கண்டு சீறியவர்கள் பெரும்பாலும் மட்டமாக ஆடியவர்கள். நன்றாக ஆடியவர்கள் பெண்ணிடம் மரியாதையாகவே பேசினார்கள். மட்டமாக ஆடிய அதே பேர்வழிகள் ஆண் குரல் கேட்டபோது அடங்கிப் பேசினார்கள்!

இதிலிருந்து தெரிவது என்ன? தனக்கு மேலே இருப்பவனிடம் வாலை ஆட்டுகிறவனுக்கு, தனக்குக் கீழே ஒருவர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தானே அடிப்படி என்பது வெளியாகிவிடும். நிஜமான புரோவுக்கு இந்தத் தேவை இல்லை. ஆகவே, நூப் நூப் என்று அதிகமாகக் கத்துகிறவனைக் கண்டால், அவன் ஆட்டத்தைப் பற்றிச் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு ஆட்சேபணை

'இதெல்லாம் விளையாட்டில் சொல்லுவதுதானே, இதற்கா இவ்வளவு நீளம்? ஏச்சும் பேச்சும் இல்லாமல் ஆட்டம் உண்டா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கபடிக் களத்தில் பேசாத பேச்சா? கேலி இல்லாத சிநேகம் உப்பில்லாத கூழ் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். நாம் சிரிப்புக்கு விரோதிகள் அல்ல.

ஆனால் விளையாட்டுப் பேச்சுக்கும் இழிவுப் பேச்சுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. இரண்டே கேள்விகள். முதலாவது, சொல்லப்பட்டவன் அதே வார்த்தையைச் சொன்னவனிடம் திருப்பிச் சொல்ல முடியுமா? இரண்டாவது, அவன் கற்றுக்கொண்டுவிட்டால் அந்தப் பேர் அவனை விட்டுப் போய்விடுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது விளையாட்டு, தாராளமாகச் சிரியுங்கள். ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்றால் அது படிக்கட்டு. செஞ்சி டீக்கடையில் மூன்று பேர் ஒருவனைச் சொன்னார்கள், அவனால் மூன்று பேரையும் திருப்பிச் சொல்ல முடியவில்லை, எழுந்து போனான். அது விளையாட்டா?

வார்த்தை காற்றோடு போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். செஞ்சியில் உயரமான மலைக்கு ராஜகிரி என்று பேர். அதாவது ராஜாவின் மலை. அதே கோட்டை வரிசையில் ஒரு சின்னக் குன்றுக்குச் சக்கிலித் துர்க்கம் என்று, அழுத்தி வைக்கப்பட்ட ஒரு வகுப்பாரின் பேர். ராஜாக்கள் போனார்கள், நவாபுகள் போனார்கள், வெள்ளைக்காரர்களும் போனார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் சேர்த்து யுனெஸ்கோ உலகச் சொத்தாக அறிவித்தது. அரசுகள் எத்தனையோ மாறியும், பேர்கள் மட்டும் உயரம் உயரமாகவும் தாழ்வு தாழ்வாகவும் கல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மலைக்கு வைத்த பேரே இவ்வளவு காலம் நிற்குமானால், பதினாலு வயதுப் பிள்ளைக்கு வைத்த பேர் அவன் மனதில் எவ்வளவு காலம் நிற்கும்?

செய்ய வேண்டியது

ஆகவே நாம் சொல்லுவது, ஆட்டத்தை ஒழியுங்கள் என்றல்ல. வார்த்தையைச் சட்டம் போட்டுத் தடுங்கள் என்றும் அல்ல. வாலிபர்களுக்குச் சொல்லுவது, புதிதாக வந்தவனை நூப் என்று கூப்பிட வாய் திறக்கும்போது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு தரம் சொல்லிக்கொடுங்கள். அது ஏசுவதைவிடக் குறைந்த நேரத்தில் முடிகிற வேலை. உங்களுக்கும் அடுத்த ஆட்டத்தில் ஒரு நல்ல கூட்டாளி கிடைப்பான். உடுப்புக்குக் காசு கேட்டு வீட்டில் அழுகிற தம்பிமாருக்குச் சொல்லுவது, காசு கொடுத்து வாங்கின மதிப்பு காசு தீர்ந்ததும் போய்விடும். கற்று வாங்கின மதிப்பை எந்தக் கம்பெனியும் திரும்ப வாங்க முடியாது. பெற்றோருக்குச் சொல்லுவது, பிள்ளை முகம் சுண்டி எழுந்து வந்தால் 'போனைத் தூக்கிப் போடு' என்று அதட்டுவதற்கு முன்னால், அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

செஞ்சிப் பெரியவர் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நாம் பஸ்ஸுக்குக் கிளம்பும் சமயத்தில், ஆடு விற்ற பணம் செல்போனில் வந்துவிட்டதா என்று பார்க்கத் தெரியாமல், அவர் அந்தப் பையன்களிடமே போனை நீட்டினார். ஒருவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னா தாத்தா, நீயும் நூப்பா?" என்றான். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்பா, போன்ல நான் நூப்புதான். நீ கத்துக்குடு. நாளைக்கு எங்க ஊருக்கு வா, ஒரு ஆட்டைக் காட்டறேன். பல்லைப் பாத்து வயசு சொல்லு, பாக்கலாம். அங்க யாரு நூப்புன்னு தெரியும்" என்றார். பையன் சிரித்துவிட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொட்டால் கணக்குத் தெரியும் என்று இரண்டு தரம் காட்டிக் கொடுத்தான்.

திருப்பிச் சொல்லவும் முடிந்தது, கற்றுக்கொள்ளவும் முடிந்தது. அந்த வார்த்தையை அப்படி வழங்குவதானால் நமக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.